காயலான் கடைக்குப் பிறகு

மின் ஒயருக்குள் இருக்கும் செம்பை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. மேலுறையைக் கத்தியால் கீறி உரிப்பது ஒன்று. ஒயர்களைக் கும்பலாகப் போட்டுத் தீ வைப்பது இன்னொன்று. உரிக்க நேரம் வேண்டும். ஒயர் மெல்லியதாக இருந்தால் நாள் முழுக்க உரித்தாலும் கூலி தேறாது. தீ வைத்தால் சற்று நேரத்தில் பிளாஸ்டிக் உருகி எரிந்துபோய், கறுத்த செம்பு மட்டும் சாம்பலில் கிடக்கும். பழைய கணினி, தொலைக்காட்சி, கைபேசி ஆகியவற்றைத் தெருவோரத்திலும் கொல்லைப்புறத்திலும் பிரித்துப் பிழைக்கும் தொழில் முழுவதும் இந்தக் கணக்கின் மீதுதான் நடக்கிறது. தீயும் திராவகமும் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. அந்த மிச்சத்துக்கான விலை, வேலை செய்பவரின் நுரையீரலிலும் பக்கத்தில் விளையாடும் குழந்தையின் இரத்தத்திலும் போய்ச் சேர்கிறது.

மின்சாரத்தாலோ பேட்டரியாலோ இயங்கி, ஆயுள் முடிந்து ஒதுக்கப்படும் எதுவும் மின்னணுக் கழிவுதான். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, குழந்தையின் பொம்மைக் கார் எல்லாம் இதில் அடக்கம். ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் ஏறியது 22.3 விழுக்காடு. 2030-இல் மொத்த அளவு 8.2 கோடி டன்னாகும் என்று அதே அறிக்கை கணிக்கிறது. இந்தியாவைப் பொறுத்தவரை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பீட்டில் 2021-22-இல் சுமார் 16 லட்சம் டன் மின்கழிவு உண்டானது; சேகரித்துப் பதப்படுத்தியது 5.27 லட்சம் டன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

மீதி மூன்றில் இரண்டு பங்கு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்தால் தவறு. இந்திய வீடுகளில் பழைய பொருளைச் சும்மா தூக்கிப்போடும் வழக்கம் குறைவு. பரணில் சில ஆண்டுகள் தூங்கிய பிறகு அது எடைக்குப் போகும். தள்ளுவண்டிக்காரர், காயலான் கடை, மொத்த வியாபாரி, பிரிக்கும் பட்டறை, உலோகம் எடுக்கும் பட்டறை என்று கை மாறிக்கொண்டே செல்லும். ஒவ்வொரு கையிலும் எதையாவது மீட்டு விற்றுவிடுவார்கள். ஓடக்கூடிய மோட்டார் ரிப்பேர் கடைக்கு, இரும்பு உருக்காலைக்கு, பிளாஸ்டிக் அரைக்கும் ஆலைக்கு. எதையும் வீணாக்காத இந்தச் சங்கிலி ஒரு வகையில் பெருமைக்குரியது. பழுது பார்த்து மறுபடி ஓடவிடும் வரை அதனால் யாருக்கும் கேடில்லை. கேடு, சங்கிலியின் கடைசிக் கண்ணியில் காத்திருக்கிறது.

அங்கே கிடைக்கும் பொருளின் மதிப்பு சாதாரணமானதல்ல. கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டியெடுத்த பாறையில் தங்கம் டன்னுக்குக் கிராம் கணக்கில்தான் தேறியது. ஒரு டன் பழைய கைபேசியில் அதைப்போலப் பல மடங்கு தங்கம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களுக்கும் வேண்டிய 32 கிலோ தங்கத்தை ஜப்பான் தன் மக்களிடம் வாங்கிய பழைய கருவிகளிலிருந்தே எடுத்தது. அதை எடுத்தது நவீன ஆலை. மூடிய உலை, புகையை வடிகட்டும் கருவி, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி எல்லாம் உள்ள இடம். அதே தங்கத்தைத் தகர வாளியும் ஆசிட்டும் வைத்து எடுக்கும்போதுதான் கதை மாறுகிறது.

பட்டறைக்குள்

முதல் வேலை உடைப்பது. குண்டு டி.வி.யின் பிக்சர் டியூப் உடையும்போது உள்ளே பூசிய ஒளிரும் தூள் பறக்கிறது. அந்தக் கண்ணாடியிலேயே காரீயம் கலந்திருக்கிறது. ஒரு டியூபில் கிலோக் கணக்கில் வரும். செம்புச் சுருளுக்காக டியூபின் கழுத்தை உடைத்தெடுத்துவிட்டு, கண்ணாடியை யாரும் வாங்காததால் ஓடைக்கரையில் கொட்டுவார்கள். பழைய எல்.சி.டி. திரைகளின் பின்விளக்கில் பாதரசம் உண்டு. மெல்லிய குழாய் உடைந்தால் அது ஆவியாகி மூச்சில் ஏறும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியில் காட்மியம். இப்போதைய லித்தியம் பேட்டரியில் வேறு ஆபத்து: ஆணியால் குத்தினாலோ சுத்தியலால் தட்டினாலோ தீப்பற்றும்.

இரண்டாவது, போர்டு. கணினியின் உயிர் இருக்கும் பச்சை நிறச் சுற்றுப்பலகை அது. அதன் மேல் சிப்புகளும் மின்தேக்கிகளும் பற்றுவைக்கப்பட்டிருக்கும். சிப்புகளுக்குத் தனி விலை. எனவே போர்டை அடுப்பின் மேல் பிடித்து, பற்று இளகியதும் தட்டி உதிர்ப்பார்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஈயம் என்றால் பயமில்லை, அது வெள்ளீயம். மின்னணுப் பலகைகளில் பல பத்தாண்டுகள் புழங்கிய பற்றில் 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு புதிய கருவிகளில் அது வெகுவாகக் குறைந்தது. பட்டறைக்கு வருவதோ பழைய கருவி. சூட்டில் எழும் புகையில் பற்று உருகும் நெடியோடு பலகையின் பிசின் கருகும் நெடியும் சேர்ந்திருக்கும். தீப்பிடிக்காமல் இருக்க அந்தப் பிசினில் புரோமின் சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். தீயைத் தடுக்கச் சேர்த்த அந்தப் பொருளே தீயில் போட்டதும் நஞ்சாக வெளிவருகிறது.

மூன்றாவது, திராவகம். தங்க முலாம் பூசிய ஊசிகளையும் இணைப்பு முனைகளையும் வெட்டியெடுத்து, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகத்தில் ஊறப்போடுவார்கள். பொற்கொல்லர்களுக்குப் பழக்கமான சரக்குதான். ஆனால் இங்கே அது வாளி வாளியாகப் புழங்குகிறது. அமிலம் உலோகத்தைத் தின்னும்போது செம்பழுப்பு நிறப் புகை கிளம்பும். அதிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியது. அப்போது லேசான இருமலோடு விட்டுவிடும்; நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுவது பல மணி நேரம் கழித்து, ஆள் வீட்டுக்குப் போன பிறகுகூட நேரலாம். அதனால் வேலைக்கும் அந்த மூச்சுமுட்டலுக்கும் உள்ள தொடர்பு பல சமயம் யாருக்கும் தோன்றுவதில்லை. தங்கம் எடுத்தபின் மிஞ்சும் பச்சைத் திரவத்தில் செம்பும் காரீயமும் கரைந்திருக்கும். அது சாக்கடைக்குப் போகிறது.

ஒயரை எரிப்பதில் உள்ள வேதியியல்தான் எல்லாவற்றிலும் விசித்திரமானது. ஒயரின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி.; அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அரைகுறையாக எரியும் தீயில் கரிப்பொருளும் குளோரினும் சேர்ந்து டயாக்சின் என்ற நச்சுக் குடும்பம் உருவாகிறது. 250 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பம் அதற்குத் தோதானது. திறந்தவெளித் தீயின் விளிம்பில் கிடைப்பது ஏறத்தாழ அந்த வெப்பம்தான். அந்த வினையை விரைவுபடுத்தும் ஊக்கியாகச் செம்பு செயல்படுகிறது. எந்தச் செம்புக்காகத் தீ மூட்டுகிறார்களோ அந்தச் செம்பே நஞ்சு உருவாகவும் கைகொடுக்கிறது. விறகை எரிப்பதும் ஒயரை எரிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் நகரில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அது பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். உலோகத்தை உருக்கவும் பிரிக்கவும் தெரிந்த கைகளும் உலைகளும் ஏற்கெனவே அங்கே இருந்தன. டெல்லியின் சீலம்பூரில் கணினிகளைப் பிரித்து எடுக்கும் போர்டுகள் லாரியில் அங்கே வந்து இறங்கின. போர்டை எரித்து, சாம்பலை அரைத்து, தண்ணீரில் அலசினால் கனமான உலோகத் துகள் அடியில் தங்கும். அலசத் தண்ணீர் வேண்டுமே. ராம்கங்கை ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆற்றங்கரையில் கரும்பொடி மலையாகக் குவிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு அதை அப்புறப்படுத்த உத்தரவிடும் நிலை வந்தது. ராம்கங்கை கங்கையில் கலக்கும் ஆறு.

உடம்புக்குள் நடப்பது

இந்தத் தொழிலில் வெளிவரும் நஞ்சுகளில் முதலில் பேசவேண்டியது காரீயம். மற்றவற்றைவிடக் கொடியது என்பதால் அல்ல. குழந்தைகளை அதிகம் குறிவைப்பதாலும், சேதம் வெளியே தெரியாததாலும். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து ஏமாந்துபோகிறது. கால்சியம் போகும் வழிகளிலெல்லாம் அதுவும் போகிறது: எலும்புக்குள், நரம்புச் செல்களுக்குள், நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குள். எலும்பில் படிந்தது பல பத்தாண்டுகள்கூடத் தங்கியிருக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த காரீயமும் கூடவே கரைந்து இரத்தத்துக்கு வருகிறது. பட்டறையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆன பெண்ணின் குழந்தைக்கும் அது போய்ச் சேரலாம்.

வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர் உடம்பு உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் குடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தோ சுண்ணாம்புச்சத்தோ குறைந்த குழந்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். சத்துக் குறைவான குழந்தைகள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்பது தெரிந்ததே. மூளை வளரும் வயதில் காரீயம் நரம்பு இணைப்புகள் அமைவதைக் குலைக்கிறது. கவனம் நிற்காது, பாடம் ஏறாது, கோபம் சட்டென்று வரும். பள்ளியில் அந்தக் குழந்தைக்கு மக்கு என்றோ முரடு என்றோ பெயர் வைத்துவிடுவார்கள். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அளவு மிகக் கூடினால் மருந்து கொடுத்து உடம்பிலிருந்து ஓரளவு வெளியேற்றலாம். மூளையில் ஏற்கெனவே நடந்த சேதத்தை அந்த மருந்து திருத்தாது.

பெரியவர்களையும் அது விட்டுவைப்பதில்லை. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கேடு, சோகை, கைகால் நரம்புத் தளர்ச்சி, ஆண்களுக்கு விந்தணுக் குறைபாடு ஆகியவை நெடுநாள் தொடர்பில் வருபவை.

காட்மியம் சிறுநீரகத்தில் குடியேறும் உலோகம். உடம்பில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். சிறுநீரகம் கெட்டால் எலும்பும் மெலியும். ஜப்பானின் ஜின்ஸு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவிலிருந்து காட்மியம் ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து நெல்லுக்கும் போனது. அதை உண்ட முதிய பெண்களின் எலும்புகள் நொறுங்கின. அவர்களின் முனகலே நோய்க்குப் பெயராயிற்று: இத்தாய்-இத்தாய், ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று பொருள். 1968-இல் ஜப்பான் அரசு காட்மியமே அதற்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டது. மின்கழிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், சோறுதான். சீனாவின் தாய்ஜோ வட்டாரத்தில் பட்டறைகளை ஒட்டிய வயல்களில் விளைந்த அரிசியில் காரீயமும் காட்மியமும் மிகுந்திருப்பதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொழிலில் கை வைக்காதவர்கள், அந்தப் புகையையே பார்க்காதவர்கள்கூட, வாங்கிச் சமைத்த அரிசி வழியாக அதில் பங்காளிகள் ஆகிறார்கள்.

டயாக்சின் கொழுப்பில் கரைவது. உடம்பில் ஏறினால் பாதியாகக் குறையவே பல ஆண்டுகள் பிடிக்கும். அவற்றுள் மிகக் கொடியதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் சேர்த்தது. நோய் எதிர்ப்புச் சக்தியையும் ஹார்மோன்களையும் கருவின் வளர்ச்சியையும் அந்தக் குடும்பம் குலைக்கிறது. தாய்ப்பாலில் கொழுப்பு இருப்பதால் அங்கேயும் வந்துவிடும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, நிறுத்தவேண்டியது தீயை. புரோமின் கலந்த தீத்தடுப்பான்கள் தைராய்டு சுரப்பியின் வேலையில் குறுக்கிடுகின்றன. பாதரச ஆவி நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. சில இணைப்பு முனைகளில் செம்போடு சேர்த்த பெரிலியம் தூளாகிச் சுவாசத்தில் போனால், ஒவ்வாமை உள்ள சிலருக்கு நுரையீரலில் தீராத நோய் வரும்.

இவை தனித்தனியாகப் பட்டியலிடுவதற்குத்தான். பட்டறையில் எல்லாம் ஒரே புகையில், ஒரே கையில், ஒரே சோற்றுப் பொட்டலத்தில் கலந்தே வருகின்றன. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனியே வரம்பு வகுத்த நூல்கள் பல உண்டு. பத்து நஞ்சுகள் சேர்ந்து ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பதற்கு நேரான விடை தரும் அட்டவணை ஏதும் கிடையாது.

குய்யூவின் குழந்தைகள்

சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உள்ள குய்யூ நெல் விளைந்த ஊர். 1990-களில் வெளிநாட்டுக் கணினிகள் கப்பல் கப்பலாக வந்திறங்க, ஆயிரக்கணக்கான வீடுகள் பட்டறைகளாயின. வாசலில் நிலக்கரி அடுப்பை வைத்துப் பெண்கள் போர்டுகளை வாட்டி, சிப்புகளைத் தட்டி எடுத்தார்கள். எந்தப் பிளாஸ்டிக் எந்த வகை என்று அறிய ஒரு ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பதும் அங்கே வேலையின் ஒரு பகுதி. நிலத்தடி நீர் கெட்டு, குடிநீர் வெளியூரிலிருந்து லாரியில் வந்தது. பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு 2002-இல் வெளியிட்ட அறிக்கை அந்த ஊரை உலகத்துக்குக் காட்டியது.

அந்த அறிக்கையைவிட அழுத்தமான சான்று ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தது. சாண்டோ பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் ஹுவோ சியாவும் அவரது குழுவினரும் குய்யூவின் 165 சிறு குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 100 மில்லி இரத்தத்தில் 15.3 மைக்ரோகிராம் காரீயம். அன்றைக்குக் கவலைக்குரிய எல்லையாகக் கருதப்பட்டது 10. அதைத் தாண்டியவர்கள் 135 பேர். நூற்றுக்கு 82 பேர். இன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் அளவுகோல் 3.5-தான். இந்தத் தொழில் இல்லாத, நெசவை நம்பிய அண்டை ஊரான சென்தியனில் சராசரி 9.94. சென்தியனின் எண் குறைவு என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட ஊரே நல்ல நிலையில் இல்லை என்பதும் அதில் இருக்கிறது.

அதன்பின் குய்யூவிலிருந்து ஆய்வுகள் தொடர்ந்து வந்தன. குறைப்பிரசவம், எடை குறைந்த பிறப்பு, பள்ளிச் சிறுவர்களின் நுரையீரல் கொள்ளளவில் குறைவு, தைராய்டு ஹார்மோன் மாற்றம் ஆகியவற்றுக்கும் மின்கழிவுக்கும் உள்ள தொடர்பை அவை ஆராய்ந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் குழந்தைகளும் மின்கழிவும் பற்றி வெளியிட்ட அறிக்கை அவற்றை விரிவாக எடுத்தாள்கிறது. முறைசாராக் கழிவுத் துறையில் 1.29 கோடிப் பெண்கள் வேலை செய்வதாகவும், கழிவு பிரித்தலையும் உள்ளடக்கிய முறைசாராத் தொழில்களில் 1.8 கோடிக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. அவர்களில் சிலருக்கு வயது 5. சின்ன விரல்கள் சின்னத் திருகாணிகளுக்கு வசதி என்பதால் குழந்தைகளை இறக்குவது இந்தத் தொழிலில் நடக்கிறது.

கானாவின் தலைநகர் அக்ராவில் இருந்த அக்போக்ப்ளோஷி உலகின் மிகப்பெரிய மின்கழிவுக் குப்பைமேடு என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அது மிகை. ஓடாவ் ஆற்றங்கரையில் சந்தை, ரிப்பேர் கடைகள், பழைய இரும்பு வியாபாரம் எல்லாம் சேர்ந்திருந்த இடம் அது; எரிக்கும் இடம் அதன் ஒரு மூலை. வடக்கு கானாவிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள் அங்கே ஒயரை எரித்தார்கள். பழைய டயரும் குளிர்பதனப் பெட்டியின் காப்பு நுரையும் எரிபொருள். ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சாம்பல் மண்ணில் இழுத்துக்கொண்டே போய் இரும்புத் துணுக்குகளைச் சேர்க்கும் சிறுவர்களும் உண்டு. பரப்பளவை மிகைப்படுத்தியவர்கள் நஞ்சை மிகைப்படுத்தவில்லை. அந்த மண்ணைக் கிளறித் தின்ற கோழிகளின் முட்டையை 2019-இல் சோதித்தார்கள். ஒரே ஒரு முட்டையைத் தின்றால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்குத் தாங்கலாம் என்று வகுத்த டயாக்சின் அளவைப்போல 220 மடங்கு உடம்பில் சேரும். மேய்ந்து வளர்ந்த நாட்டுக்கோழியின் முட்டை என்றால் சத்து அதிகம் என்று நம்புகிற எந்த ஊருக்கும் இது செய்திதான். கோழி எந்த மண்ணில் மேய்ந்தது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

இடிப்பதும் அமைப்பதும்

2021 ஜூலை 1-ஆம் தேதி அக்போக்ப்ளோஷி பழைய இரும்புச் சந்தையைப் புல்டோசர் வைத்து இடித்தார்கள். எரிப்பவர்கள் ஆற்றின் மறுகரைக்கும் நகரின் பிற மூலைகளுக்கும் போனார்கள். முன்பு ஒரே இடத்தில் எழுந்த புகை பல இடங்களில் எழுந்தது. குய்யூவில் வேறு மாதிரி செய்தார்கள். 2015-இல் தொழிற்பேட்டை ஒன்றை அமைத்து, வீட்டுப் பட்டறைகள் அங்கே மாறவேண்டும், இல்லாவிட்டால் மூடவேண்டும் என்றார்கள். வாடகை கட்ட முடியாத சிறு பட்டறைகள் நசிந்தன. 2018 முதல் வெளிநாட்டுக் கழிவுகளின் இறக்குமதிக்குச் சீனா பெருமளவு கதவடைத்தது. தெருவில் எரிப்பது வெகுவாகக் குறைந்தது. மண்ணில் இறங்கிய உலோகம் மட்டும் ஆணைக்குக் கட்டுப்பட்டு வெளியேறாது. அது அங்கேயே இருக்கிறது.

நாடு விட்டு நாடு கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கை 1989-இல் உருவானது. ஆபத்தானது, ஆபத்தில்லாதது என்ற வேறுபாடின்றி எல்லா மின்கழிவையும் வாங்கும் நாட்டின் முன்அனுமதிக்குள் கொண்டுவந்த திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆனால் ‘பழுது பார்த்து விற்கும் பழைய பொருள்’ என்ற பெயரில் வருவதைப் பிரித்தறிவது சுங்க அதிகாரிக்கு எளிதல்ல. அதோடு, வளரும் நாடுகளின் மின்கழிவில் பெரும்பங்கு இப்போது உள்நாட்டிலேயே உண்டாகிறது. வெளிநாட்டுக்காரன் தலையில் கொட்டுகிறான் என்ற பழைய கோபம் பாதி உண்மைதான்.

இந்தியாவில் மின்கழிவுக்கென்று தனி விதிகள் 2012 மே 1-இல் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் அவற்றை மாற்றியெழுதினார்கள். 2022-இல் வகுத்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. முன்பு 21 வகைக் கருவிகளுக்கு இருந்த விதி இப்போது 106 வகைகளைத் தொடுகிறது. கருவியைச் செய்து விற்ற நிறுவனமே அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பைப் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கி நிறைவேற்றலாம். ஏட்டில் நல்ல ஏற்பாடு. ஆனால் புதிய விதிகள் பெயர் சொல்லிப் பதிவு செய்யச் சொல்வது செய்பவர், தன் பெயரில் விற்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகியோரை மட்டுமே. தெருத்தெருவாகப் போய் உண்மையில் பொருளைச் சேகரிக்கிற தள்ளுவண்டிக்காரருக்கு அந்த நால்வர் பட்டியலில் இடமில்லை. பொருளோ அவர் கையில்தான் இருக்கிறது. அவர் கொடுக்கும் விலையைப் பதிவுபெற்ற ஆலை கொடுப்பதில்லை. அவரைப்போல வாசலுக்கு வருவதுமில்லை.

வேலையைப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. சேகரிப்பதும் கையால் பிரிப்பதும் இன்று அதைச் செய்பவர்களிடமே இருக்கட்டும். அதில் அவர்களை மிஞ்ச எந்த எந்திரமும் இல்லை. போர்டும் ஒயரும் பிக்சர் டியூபும் பேட்டரியும் மட்டும் அவர்கள் கையிலிருந்து நல்ல விலைக்கு ஆலைக்குப் போகவேண்டும். தீயும் திராவகமும் அந்தக் கட்டத்தில்தான் உள்ளே வருகின்றன. அக்ராவில் 2014-இல் பியூர் எர்த் என்ற அமைப்பு ஒயர் உரிக்கும் எந்திரங்களை நிறுவியது. தடித்த கேபிளுக்கு அது நன்றாகவே பயன்பட்டது. எரிக்காத செம்பு பளபளப்பாக இருப்பதால் கறுத்த செம்பைவிட விலையும் கூடுதல். மெல்லிய ஒயருக்குத்தான் எந்திரம் கட்டுப்படியாகவில்லை. எரிப்பது நிற்கவேண்டுமானால் அந்த மெல்லிய ஒயரை அப்படியே எடைக்கு வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அந்தச் செலவு கருவியை விற்றவரின் கணக்கில் ஏறவேண்டும்.

அதுவரை பட்டறையில் நிற்பவர்களுக்குச் சில காரியங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பட்டறையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. வேலைத் துணியோடு வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்கக்கூடாது. அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. சாப்பிடுமுன்பும் பீடி பற்றவைக்குமுன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது காரீயம் வயிற்றுக்குள் போகும் பெரிய வாசலை அடைக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த இடத்தில் இருக்கவே கூடாது.

பொருளை விற்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டியூப் லைட்டையும் பழைய டி.வி.யையும் உடைக்காமல் முழுசாகக் கொடுக்கலாம். வீக்கம் கண்ட பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் இருக்கலாம். வீட்டில் வயரிங் மாற்றும்போது மிஞ்சிய ஒயரைக் காலி மனையில் போட்டுக் கொளுத்துவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. அக்ராவில் நடந்ததன் சிறிய அளவுதான் அது. புதுக் கருவி வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்வார்களா, எடுத்தால் எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்கலாம்.

யூனிசெஃப்பும் பியூர் எர்த்தும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் சுமார் 27.5 கோடி. மின்கழிவு அதற்கு ஒரு காரணம்தான். பழைய வண்டி பேட்டரிகளை உருக்குவது, பெயின்ட், கலப்பட மசாலா என்று வேறு பலவும் உண்டு. ஆனால் பட்டறை வட்டாரத்தில் வளரும் குழந்தைக்கு வயிற்றுவலியும் சோகையும் படிப்பில் பின்தங்கலும் சேர்ந்து வந்தால், பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்து அனுப்புவதே பொதுவான வழக்கம். காரீயத்தைச் சந்தேகிக்கும் மருத்துவர் அரிது. பக்கத்தில் ஒயர் எரிக்கிறார்கள், போர்டு வாட்டுகிறார்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் பெற்றோரே சொல்லவேண்டும். இரத்தத்தில் காரீயம் பார்க்கும்படி கேட்கவேண்டும். சில மில்லி இரத்தம் போதும்.